வீட்டுக்குள் ஒரு மிதிவண்டி: பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம்

2016ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் தேவ்நார் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. அப்புகை கோவண்டியையும் செம்பூரையும் கடந்து நகரின் பிற பகுதிகளின் மீதும் கவிந்தது. விண்ணிலிருந்து எடுக்கப்பெற்ற செயற்கைக்கோள் படங்களிலும் அது தெளிவாகத் தெரிந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் ஒரு முறை தீ எழுந்தது. 1927ஆம் ஆண்டு முதல் மும்பையின் கழிவுகளைச் சுமந்து வரும் கிடங்கு அது. அதனருகே வாழ்பவர்களுக்குப் புகை புதிதன்று; அந்த ஆண்டு மற்றவர்களும் அதனை உணர்ந்தார்கள், அவ்வளவே.

உடற்பயிற்சி குறித்த ஒரு கட்டுரையைப் புகையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அவரே மிதிவண்டியில் ஏறி விரைவாக மிதிக்கத் தொடங்கினால் அந்த அளவு 50 லிட்டரையும் தாண்டக்கூடும். மூக்கால் இழுத்த மூச்சு வாய்வழி இழுக்கும் மூச்சாகவும் மாறிவிடுகிறது. எனவே உடல்நலம் கருதி மாசு மிகுந்த காலைப் பொழுதில் கட்கோபர் – மான்கூர்டு இணைப்புச் சாலையில் சரக்கு லாரிகளுக்கு நடுவே மிதிவண்டி ஓட்டுபவர், நலத்தோடு சேர்த்து நுண்துகள்களையும் பன்மடங்காகப் பெற்றுக்கொள்கிறார். குளிர்காலத்தில் இந்நிலை. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மழை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாள் அரிது என்றாலும், செப்டம்பர் வரை சாலைப் பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும் நாட்கள் அரிதல்ல.

இக்காரணங்களால் நம் வாடிக்கையாளர்களுள் பலர் வீட்டுக்குள் ஓட்டும் மிதிவண்டியை நாடுகின்றனர். பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கின்போது வாங்கியவர்களும் உண்டு. அவ்வண்டிகள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று கேட்டால் பலரும் சற்றே நகைப்பார்கள். மழைக்காலத்தில் துணி உலர்த்துவதற்கு அதனினும் சிறந்த கருவி இல்லை என்பது இல்லத்தரசிகளின் கருத்து. இதற்குச் சோம்பலைக் குறை கூறுவது எளிது; நாம் அதனை முழுமையாக ஏற்கவில்லை. வண்டி வாங்கப்பட்டது, திட்டம் வாங்கப்படவில்லை என்பதே உண்மை. முதல் நாள் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க மிதித்து, மறுநாள் முழங்கால் வலித்து, மூன்றாம் நாள் வண்டியைப் பார்க்கவே மனம் இல்லாமற்போவதுதான் வழக்கமான வரலாறு.

தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. கையிலுள்ள பணம் முழுவதையும் முதல் மாதமே செலுத்திவிட்டுப் பின் கணக்கை மறந்துவிடுவதில்லை அல்லவா? தாங்கக்கூடிய தவணை, குறித்த நாள், குறித்த காலம் ஆகியவையே அதன் வலிமை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அமர்ந்திருப்பவரும் நடப்பவரும்

பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு 1953ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்தது. ஜெர்ரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஒரே பேருந்து, ஒரே வகைக் குடும்பப் பின்னணி. ஆயினும் இதயத் தமனி நோய் நடத்துநர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. மும்பையிலும் பெஸ்ட் நிறுவனத்தின் இரண்டடுக்குப் பேருந்துகள் 1937 முதல் ஓடியதை அறிந்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது எளிது. மோரிஸ் அத்துடன் நில்லாமல் அஞ்சல் துறையையும் பார்த்தார். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டு சென்ற அஞ்சல்காரர்களைவிட, மேசையின் முன் அமர்ந்திருந்த எழுத்தர்களிடம் அந்நோய் மிகுதியாக இருந்தது. வங்கியில் பணிபுரியும் நாம் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் நெருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நீரிழிவு ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 14,227 பேரின் உடலுழைப்பை அளந்தது. 2014இல் வெளியான அதன் முடிவுகளின்படி 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு உடற்பயிற்சி செய்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்து மகாராஷ்டிரத்தில் வாழும் நாம் எவ்வழியில் கணக்கிட்டாலும் அந்த ஆய்வின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம்.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. இங்கே நாம் தரும் திட்டம் முதல் வாரத்தில் 60 நிமிடங்களில் தொடங்கிப் பதினோராம் வாரத்தில் 160 நிமிடங்களை எட்டுகிறது.

வண்டியும் அதன் இடமும்

மூவகைக் கருவிகள் உண்டு. முதலாவது, சக்கரமே இல்லாமல் ஒரு கனத்த சுழல்தட்டுடன் வரும் உடற்பயிற்சி வண்டி. இரண்டாவது, வீட்டிலுள்ள சாதாரண மிதிவண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி உருளையில் உரசச் செய்யும் தாங்கி. மூன்றாவது, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாகக் கருவியில் பொருத்தி, மிதிக்கும் ஆற்றலை வாட் அளவில் காட்டும் மின்னணுக் கருவி. முதலிரண்டு சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கும். மூன்றாவதற்கு ஐந்து இலக்கத் தொகை தேவைப்படும். மாதத் தவணையில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம் விடை: வங்கியாளராக அல்லாமல் நண்பராகச் சொல்வதாயின், முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு அது வேண்டாம். அண்டை வீட்டில் துணி சுமந்து நிற்கும் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தை முடித்த பிறகும் ஆர்வம் குன்றாதிருப்பின் அப்போது சிந்திக்கலாம்.

அடுக்ககத்தில் வாழ்வோர் கீழ்வீட்டாரை நினைவிற்கொள்ள வேண்டும். காதுக்குக் கேட்கும் ஓசையைவிடத் தளத்தின் வழியே இறங்கும் அதிர்வே காலை ஐந்தரை மணிக்கு அவர்களை எழுப்பும். தடித்த ரப்பர் விரிப்பு இதற்குப் பெரிதும் உதவும். வியர்வையிலிருந்து தரையையும் காக்கும். கைப்பிடியின் மீது ஒரு துண்டைப் போட்டுக்கொள்வது நல்லது. மும்பையின் ஈரக் காற்றும் வியர்வை உப்பும் சேர்ந்தால் திருகாணிகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யாமல் தொடங்கவே கூடாது. இருக்கையில் அமர்ந்து, மிதி அடிமட்டத்தில் இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். பின் பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைத்தால் முழங்கால் இயல்பாகவே சற்று மடங்கும். அதுவே சரியான உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்ந்திருக்கிறது என்றும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். புதியவர்கள் பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்த்தியே வைக்கிறார்கள். தெருவில் ஓட்டும்போது கால் தரையில் எட்ட வேண்டும் என்ற அச்சம் வீட்டுக்குள்ளும் தொடர்கிறது போலும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஓட்டினால் மாசு இல்லை என்பது பாதி உண்மையே. சாளரம் திறந்திருந்தால் வெளிக்காற்றின் நுண்துகள்கள் உள்ளேயும் வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். 100க்குள் இருந்தால் சாளரத்தைத் திறந்து வைக்கலாம். 200ஐத் தாண்டினால் சாலைப் பக்கச் சாளரத்தை மூடிவிட்டு, அன்று கடும் பயிற்சியைத் தவிர்த்து எளிய பயிற்சியை மட்டும் செய்யுங்கள். பூசை அறைச் சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் அதே நுண்துகள்களையே வெளியிடுகின்றன. அவை எரியும் அறையில் ஓட்ட வேண்டாம். சாளரத்தை மூடிக்கொள்ளும் இந்த வசதி தேவ்நாரில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும், குப்பைக் கிடங்கை ஒட்டிய குடியிருப்புகளில் சாளரமே இல்லாத அறைகள் உண்டு என்பதையும் எழுதும்போது நமக்குச் சிறு தயக்கம் எழத்தான் செய்கிறது.

எவ்வளவு கடினமாக மிதிப்பது?

திட்டத்தின் உயிர் இக்கேள்வியில்தான் உள்ளது. தோல்வியுறுவோர் பெரும்பாலும் எளிய நாளில் கடினமாகவும், அதனால் களைத்துப்போய்க் கடின நாளில் எளிதாகவும் மிதிப்பவர்கள்.

கருவி எதுவும் இல்லாத அளவுகோல் பேச்சு. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிகளில் உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அது எளிய நிலை. வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் நடுநிலை. ஓரிரு சொற்களுக்கு மேல் வரவில்லையென்றால் கடின நிலை. வண்டியிலும் இவ்வாறே. எளிய நாளில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தால் நீங்கள் பயிற்சியில் இருப்பதை அவர் அறியலாம். ஆனால் உரையாடல் தடைபடக் கூடாது.

அடுத்தது இதயத் துடிப்பு. ஒருவரின் உச்சத் துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடும் முறை பரவலாக வழங்குகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது மூத்தோருக்குப் பொருத்தமானது என்று காட்டியது. 50 வயதினருக்கு இது 173. எளிய நிலைக்கு இதில் 60 முதல் 75 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 104 முதல் 130 வரை கொள்ளலாம். எனினும் இவை சராசரிக் கணக்குகள். ஒரே வயதுடைய இருவரிடையே பத்து, பன்னிரண்டு துடிப்பு வேறுபாடு இயல்பானது. குறிப்பாக இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இக்கணக்கு முற்றிலும் பொருந்தாது. அம்மாத்திரை துடிப்பை உயரவிடாது தடுக்கும். எண்ணை எட்ட வேண்டும் என்று மிதித்துக்கொண்டே போனால் ஆபத்து. அவர்களுக்குப் பேச்சு அளவுகோலே நம்பத்தக்கது.

ஆற்றலை வாட் அளவில் காட்டும் கருவி உடையவர்கள் ஒரு தேர்வு செய்யலாம். நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு, 20 நிமிடங்கள் சீராகத் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் மிதித்து, கிடைக்கும் சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது. ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய ஆற்றலின் மதிப்பீடு இது. மிதிவண்டி வீரர்கள் எஃப்.டி.பி. என்று வழங்குவது. சராசரி 120 வாட் என்றால் இம்மதிப்பு 114. எளிய பயிற்சி இதில் 56 முதல் 75 விழுக்காடு, ஆகவே 64 முதல் 86 வாட் வரை. கடின இடைவேளைகள் 91 முதல் 105 விழுக்காடு, அதாவது 104 முதல் 120 வாட் வரை.

சாதாரண வண்டி வைத்திருப்போர் இதனால் மனம் தளர வேண்டாம். அவர்களுக்கு இதனினும் எளிய, நம் பார்வையில் மேலும் சுவையான வழி ஒன்று உண்டு. இறுக்கும் திருகை முழுதும் தளர்த்திவிட்டு எத்தனை சுற்று இறுக்குகிறீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு காலின் சுழற்சியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். பயிற்சி முடியும் தறுவாயில் நாடியையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே திருகு, அதே சுழற்சி, ஆறு வாரங்களுக்குப் பின் நாடி எட்டோ பத்தோ குறைந்திருந்தால் அதைவிடத் தெளிவான கணக்கு அறிக்கை வேறில்லை.

பன்னிரண்டு வாரங்கள்

முதல் நான்கு வாரங்களில் வாரத்திற்கு மூன்று நாட்கள், இடையில் ஒரு நாளேனும் ஓய்வு. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்வது துறைமுகத் தடத்து மின்தொடர்வண்டியில் நாள்தோறும் பயணிப்போருக்கு வசதியாக இருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள்: ஐந்து நிமிடம் தளர்வாக, பத்து நிமிடம் சீராக, ஐந்து நிமிடம் மீண்டும் தளர்வாக. இரண்டாம் வாரம் 25, மூன்றாம் வாரம் 30. நான்காம் வாரம் மீண்டும் 20க்கே திரும்புங்கள். எல்லாம் பேசக்கூடிய நிலையிலேயே. திருகை இறுக்கி மெதுவாக அழுத்தி மிதிக்கும் பழக்கத்தை விட்டு, திருகைத் தளர்த்தி நிமிடத்திற்கு 80 சுழற்சி வரை கால்கள் பழகுவதே இக்கட்டத்தின் நோக்கம். மெதுவான, கனத்த மிதிப்பு முழங்காலுக்குச் சுமை.

இது மிகவும் எளிதாக இருக்கிறதே என்று மூன்றாம் வாரத்தில் தோன்றும். தோன்றட்டும். அப்போது உடலுக்குள் நடப்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆகவே நாடி குறைகிறது. தசைச் செல்களுக்குள் ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். பயிற்சியால் அவை பெருகுவதை 1967இல் ஜான் ஹாலோசி என்னும் அமெரிக்க அறிவியலாளர் எலிகளை ஓடவைத்து முதன்முதலில் தெளிவாகக் காட்டினார். தசைநாண்களும் மூட்டு இணைப்புகளும் இவற்றினும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. இதயம் தயாராகிவிட்டது, முழங்கால் தயாராகவில்லை என்ற நிலையில்தான் பலர் காயமுறுகிறார்கள்.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் தேர்வு. அதன்பின் வாரத்தின் இரு நாட்கள் 35 முதல் 45 நிமிடம் வரை எளிய பயிற்சி, ஒரு நாள் இடைவேளைப் பயிற்சி. பத்து நிமிடம் சூடேற்றிய பின் ஐந்து நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் தளர்வாக என்று மூன்று சுற்றுகள். இறுதியில் பத்து நிமிடம் தணிவு. ஆறாம் வாரம் நான்கு சுற்றுகள். ஏழாம் வாரம் எட்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. கடைசிச் சுற்றையும் முதல் சுற்றைப் போன்றே முடிக்க முடிந்தால் அளவு சரி. முதல் சுற்றிலேயே கண் இருண்டால் நீங்கள் வேகத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். எட்டாம் வாரம் பாதியாகக் குறையுங்கள். இந்தக் குறைப்பு வாரத்தைப் பலர் வீணான வாரம் என எண்ணித் தவிர்க்கிறார்கள். உடல் வலுப்பெறுவது மிதிக்கும்போது அன்று, அதன்பின் ஓய்வில் என்பதால் அதனைத் தவிர்ப்பது பயிர் விளைந்த பின் அறுவடையைத் தவிர்ப்பது போலாகும்.

ஒன்பது முதல் பதினொன்று வரை மூன்று வகை நாட்கள். ஒரு நாள் 60 நிமிட எளிய பயிற்சி. ஒரு நாள் பதினைந்து நிமிடங்கள் நடுநிலைக்கு மேலான சீர் வேகத்தில், ஐந்து நிமிட இடைவெளியுடன் இருமுறை; சூடேற்றலும் தணிவும் சேர 55 நிமிடம். மூன்றாம் நாள், மருத்துவரின் ஒப்புதல் பெற்றவர்கள் மட்டும், நான்கு நிமிடக் கடும் முயற்சி நான்கு, இடையில் மூன்று நிமிடத் தளர்வு. நார்வே நாட்டின் திரோந்தைம் நகர ஆய்வாளர்கள் ஆராய்ந்து பரப்பிய முறை இது. உச்சத் துடிப்பில் 90 முதல் 95 விழுக்காட்டைத் தொடுவது. மற்றவர்கள் அன்றும் எளிய பயிற்சியே செய்யலாம், இழப்பு பெரிதன்று. பன்னிரண்டாம் வாரம் குறைத்துக்கொண்டு, இறுதி நாளில் மீண்டும் தேர்வு.

தொடர் வைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவதாகச் சொல்லியிருந்தோம். அங்கே ஒரு தவணை தவறினால் அடுத்த மாதம் அபராதத்துடன் சேர்த்துச் செலுத்தலாம். இங்கே தவறிய நாளை ஒருபோதும் மறுநாளோடு சேர்த்துச் செலுத்தக் கூடாது. போனது போகட்டும், அடுத்த நாளுக்கு உரியதை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரம் முழுவதும் தவறினால் ஒரு வாரம் பின்னோக்கிச் சென்று தொடங்குங்கள். காய்ச்சல் வந்தால் அது தணிந்த பின்னரே வண்டியைத் தொடலாம்.

வெப்பம் என்னும் மறைந்த எதிரி

வீட்டுக்குள் மிதிப்பவரைத் தளரச் செய்வது பெரும்பாலும் கால்கள் அல்ல, வெப்பம். நம் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கே மிதியைச் சுழற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. 100 வாட் ஆற்றலில் மிதிப்பவர் 300 முதல் 400 வாட் வரை வெப்பத்தை அறைக்குள் வெளியிடுகிறார். சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு எதிர்க்காற்றே விசிறியாகிறது. வீட்டில் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? மும்பையின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடல் தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி அனுப்ப, அதே வேகத்திலும் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. கூரை மின்விசிறி போதாது. மார்புக்கு நேராக ஒரு மேசை விசிறியோ நின்ற விசிறியோ வையுங்கள். விலை உயர்ந்த கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியை நல்ல விசிறிக்குச் செலவிட்டவர் ஏமாந்ததாக நாம் கண்டதில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் நீரிழப்பு தெரியும். அரைக் கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் வியர்த்திருக்கிறது. அரை மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். ஒரு மணி நேரம் என்றால் உப்பிட்ட நீர்மோர் கடையில் விற்கும் வண்ணப் பானங்களைவிட நன்று. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்த்துவிடலாம்.

முன்னரே கேட்க வேண்டியவை

நாற்பதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர்கள் தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு வர வேண்டும். இந்தியர்களுக்கு இதய நோய் மேலை நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதால் இதனைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும் அதன்பின் பல மணி நேரம் வரையிலும் சர்க்கரை தாழக்கூடும். தொடங்குமுன் அளவு 100க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ உண்டபின் தொடங்குவதும், கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரை வைத்திருப்பதும் நலம். நடுக்கம், திடீர் வியர்வை, குழப்பம் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல் இவற்றில் எதுவும் வாயுப் பிடிப்பு அல்ல என்றே முதலில் கொள்ளுங்கள். இறங்கி அமர்ந்து, வீட்டாரை அழைத்து, 108க்குத் தொலைபேசுங்கள். தனியே இருக்கும் நேரத்தில் கடினப் பயிற்சி செய்வதாயின் அறைக்கதவைத் தாழிட வேண்டாம்.

இன்னொன்று. மிதிவண்டி உடல் எடையைத் தாங்கச் செய்வதில்லை. மூட்டு வலி உள்ளோருக்கு அது நன்மை. எலும்புக்கு அது குறை. ஆகவே வாரத்தில் இரு நாட்களேனும் படியேறுதல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்தல் போன்ற வலுவூட்டும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முறிந்த கையின் கதை

வீட்டுக்குள் நிற்கும் வண்டியால் உண்மையான சாலையில் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. தேவ்நாரில் தீ எரிந்த அதே 2016இல், பிப்ரவரி இறுதியில், மேத்யூ ஹேமன் என்னும் ஆஸ்திரேலிய வீரர் பெல்ஜியத்தில் நடந்த பந்தயம் ஒன்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வயது 37. ஆறு வாரங்களில் பாரிஸ் – ரூபே பந்தயம். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, அதில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கற்கள் பதித்த கரடுமுரடான பாதை. சாலைக்குச் செல்ல முடியாத அவர் வாகனக் கொட்டிலில் வண்டியை நிறுத்தி, கட்டுப்போட்ட கையோடு திட்டப்படி மிதித்தார். ஏப்ரல் 10 அன்று, ஐந்தாவது வெற்றியைக் குறிவைத்திருந்த டாம் போனனை இறுதிக் கோட்டில் முந்தி அப்பந்தயத்தை வென்றார்.

இதனை வியப்புக்காக மட்டும் படிக்க வேண்டாம். அந்த ஆறு வாரங்கள் அவரை வீரராக்கவில்லை; அவருக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பயிற்சி இருந்தது. வெளியே செல்ல இயலாத காலத்தில் அந்தச் சேமிப்பு கரையாமல் காத்ததே அக்கொட்டிலின் பணி. மழைக்கால நான்கு மாதங்களில் நம் கூடத்து மூலையிலுள்ள வண்டி செய்ய வேண்டியதும் அதுவே.

ஆகவே காலக்கணக்கு இவ்வாறு அமையலாம். ஜூன் இரண்டாம் வாரம் பருவமழை இறங்கும்போது தொடங்கினால், விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பன்னிரண்டு வாரங்கள் நிறைவுறும். கொழுக்கட்டைக்காக ஒரு வாரம் தளர்ந்தாலும் குற்றமில்லை. அதன்பின் பதின்மூன்றாம் வாரத்தில் புதிய தேர்வு மதிப்பைக் கொண்டு ஐந்தாம் வாரப் பயிற்சியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முதல் நான்கு வாரங்கள் இனித் தேவைப்படா. அக்டோபரில் மழை விலகி, காற்றுத் தரம் கெடுவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை எளிய பயிற்சியை மட்டும் அதிகாலைச் சாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தலைக்கவசம் அணிந்து, பின்விளக்கை எரியவிட்டு, லாரிகள் ஓடத் தொடங்குமுன் வீடு திரும்பிவிடுங்கள்.